பக்கத்துப் புள்ளி

"அப்போ, பாத்தாலே தேஞ்சுபோயிடுமா?"

"ஆமாக்கா. கொஞ்சம் கொஞ்சமா" என்றாள் கருவியை ஓட்டுபவள்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்றாள் தையல்காரி. ரப்பர் உறை மாட்டிய ஒரு விரலால் கருவியின் பக்கவாட்டைத் தொட்டுவிட்டு, சூடான அடுப்பைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். "தொடலாமில்ல?"

"வெளிய தாராளமா தொடலாம். உள்ளதான் ஒண்ணும் படக்கூடாது. மூச்சுக்காத்துகூட."

"எங்க கடையில ஒரு முதலாளியம்மா இருக்காங்க. அவங்க பாத்தாலும் இப்படித்தான். புதுத் துணிகூடச் சாயம் போயிடும்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருவருமே திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். திரை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

சிரிப்பதற்கான நாள் அல்ல அது. தையல்காரி தன் கணவரின் பொருள்களை வாங்கிப்போக வந்திருந்தாள். உடை மாற்றும் அறையில் அவருடைய இரும்புப் பெட்டியைத் திறந்து அங்கேயே வைத்திருந்த மாற்றுக் குடை ஒன்று, சாம்பல்நிற ஸ்வெட்டர், மூடி இறுகிப்போன வெந்நீர்க் குடுவை, குதிகால் தேய்ந்த ஒரு ஜோடிச் செருப்பு ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொண்டாகிவிட்டது. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அவர் வேல செஞ்ச இடத்த ஒரு தடவ பாக்கலாமா?" என்று கேட்டாள். மேனேஜர் தயங்கி, இருமி, கடைசியில் சரி என்றார். அதனால் இப்போது வெள்ளை மேலங்கியும் தலையுறையும் முகமூடியும் நீலக் காலுறையுமாக, தனக்கே தன்னை அடையாளம் தெரியாத கோலத்தில், சன்னலில்லாத இந்தக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். அறையின் மூலையில் காற்றை உறிஞ்சும் பம்பு ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது.

அவள் கணவரை இங்கே எல்லாரும் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளிலும் குடையோடு வருவார். வெந்நீர்தான் குடிப்பார். நாற்காலியிலிருந்து எழுந்தால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு "அப்பாடா" போடாமல் எழமாட்டார். அவரைவிட இருபது வயது மூத்த மேனேஜரே, "பெரியப்பா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் உள்ளே நுழைவார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால், காலை ஷிப்டு முடிந்து போன பெரியப்பா, பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றியபடி உட்கார்ந்தார். தூங்குகிறார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவருடைய பேருந்து வந்தது. போனது. அடுத்ததும் வந்து போன பிறகுதான் யாரோ தோளைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"வீட்டுல அவருக்குப் பேரு என்ன தெரியுமா?" என்றாள் தையல்காரி. "சின்னவன். எங்க மாமியார் சாகற வரைக்கும் அப்படித்தான். 'சின்னவன் சாப்டானா, சின்னவன் போர்த்திக்கிட்டானா'ன்னு. இங்க வந்து பெரியப்பாவாம்!"

"நாங்கதான் வச்சோம்."

"நீங்கதான் மத்தியானமா?"

கருவியை ஓட்டுபவளுக்குப் புரியவில்லை.

"அவர் அப்படித்தான் சொல்லுவார். 'மத்தியானம் இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டா', 'மத்தியானத்துக்கு ஜலதோஷம்', 'மத்தியானத்துக்கு அவ அக்கா வீட்டுல ஏதோ பிரச்சின போல, மூஞ்சியே சரியில்ல'ன்னு. நான்கூட யாரோ வயசான அம்மான்னு நெனச்சிருந்தேன்."

அவள் வெற்றிடத்தின் அளவு காட்டும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரு பெயர் இருந்தது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டாள். வேறொருவர் வீட்டில், சாப்பாட்டு நேரத்தில், தன் ஜலதோஷம் பேசப்பட்டிருக்கிறது.

எட்டு வருடமாக அவரும் அவளும் ஒரே கருவியில்தான் வேலை செய்தார்கள். ஆனால் சேர்ந்து செய்ததில்லை. காலை அவருடையது, மத்தியானத்துக்கு மேல் அவளுடையது. நடுவில் ஷிப்டு மாறும் கொஞ்ச நேரம்தான் பேச்சு. என்ன பேச்சு? எந்தத் துண்டு உள்ளே இருக்கிறது, கற்றை எப்படி இருக்கிறது, மேனேஜர் என்ன மனநிலையில் இருக்கிறார், அவ்வளவுதான். ஒரு நாற்காலியைத்தான் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அவள் உட்காரும்போது அதில் அவருடைய சூடு இருக்கும்.

அந்த அறையின் வேலை செதுக்குவது. காலியம் என்ற உலோகத்தின் அணுக்களை மின்னேற்றி, மிக மெல்லிய கற்றையாக்கி எய்தால், அது படுகிற இடத்தில் மேற்பரப்பின் அணுக்கள் தெறித்து விழும். மணலை வீசிக் கல்லைச் செதுக்குவது போலத்தான். ஆனால் இங்கே ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஆயிரம் கோடு போட வேண்டும். யார் யாரோ துண்டுகளை அனுப்புவார்கள். ஒருவருக்கு ஒரு பள்ளம், ஒருவருக்கு ஒரு துளை, இன்னொருவருக்கு ஒரு சுவரை நெடுக்காக அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். இதில் ஒரு சங்கடம். அடி விழும்போது தெறித்து வருவதைப் பிடித்துத்தான் திரையில் படமும் வரும். அடிக்காமல் பார்க்க முடியாது. அடிக்காமல் பார்ப்பதற்கென்று எலக்ட்ரானால் ஆன இன்னொரு கண் இந்தக் கருவிக்கு இருந்தது. அது போன வருடம் அவிந்துபோனது. புதிது எப்போது வரும் என்று கேட்டால், "குதிரைக்குக் கொம்பு முளைக்கிற அன்னிக்கு" என்பார் பெரியப்பா. அன்றிலிருந்து கருவிக்கு ஒத்தக்கண்ணன் என்று பெயர்.

"புள்ளி வைக்கறதப் பத்திச் சொல்லுவாரு" என்றாள் தையல்காரி. குரல் தாழ்ந்திருந்தது. இதைக் கேட்கத்தான் தையல்காரி வந்திருக்கிறாள் என்பது கருவியை ஓட்டுபவளுக்கு அப்போது விளங்கியது. "தினமும் காலையில வந்ததும் ஒரு புள்ளி வச்சுட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பேம்பாரு. உருண்டையா வந்தா அன்னிக்கு நல்ல நாளாம். கையி சரியில்லன்னா நீண்டுடுமாம்."

"ஆமாக்கா."

"நீங்க வீட்டுக்கு வந்தப்போ சொன்னீங்களே. அன்னிக்குக்கூட உருண்டையா வச்சிருந்தாருன்னு."

அவள் முகமூடியின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அதத்தான் பாக்கணும்."

புள்ளி வைப்பது அந்த அறையின் வழக்கம். கற்றை கூர்மையாக இருக்கிறதா, வட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, வேண்டாத சிலிக்கன் சில்லு ஒன்றைக் கருவிக்குள் ஒரு மூலையில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஷிப்டு தொடங்கும்போது குமிழ்களைத் திருகிக் கற்றையைச் சரிசெய்து, அந்தச் சில்லில் ஒரே இடத்தில் சில நொடி நிறுத்தினால் ஒரு குழி விழும். குமிழைத் திருகிய விரல் சரியாக இருந்தால் குழி வட்டம். விரல் தடுமாறியிருந்தால் நெல்மணிபோல நீண்டுவிடும். முந்தைய புள்ளிக்கு வலப்பக்கம் அடுத்த புள்ளி. வரிசை முடிந்தால் கீழே அடுத்த வரிசை. காலையில் அவர் வைத்ததற்குப் பக்கத்தில் மத்தியானம் அவள் வைப்பாள். அதற்குப் பக்கத்தில் மறுநாள் அவர். இப்படியே எட்டு வருடம். யாரும் யாருக்காகவும் வைத்ததில்லை. இடம் அங்கேதான் காலியாக இருந்தது.

அந்தக் கடைசி நாள் மத்தியானம், பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, வலது உள்ளங்கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே, "இன்னிக்கு எனக்குச் சரியா வரல, நீ பாத்து வச்சுக்கோ" என்றார். அவள் திரையைப் பார்த்தாள். புள்ளி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நெல்மணியாகக் கிடந்தது. "பெரியப்பாவுக்கு நிஜமாவே வயசாயிடுச்சு!" என்றாள். அவர் சிரித்தார். குடையை எடுத்துக்கொண்டு போனார். அவள் குமிழ்களைத் திருத்தி, பக்கத்தில் தன்னுடையதை நல்ல வட்டமாக வைத்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

துக்கம் விசாரிக்கப் போனபோது, கூட்டத்துக்கு நடுவில் தையல்காரி அவள் கையைப் பற்றிக்கொண்டு, "அன்னிக்கு அவர் எப்படி இருந்தார்?" என்று கேட்டாள். கேட்கும்போதே காரணமும் வந்து விழுந்தது. "கை மரத்துப்போகுதுன்னு காலையில சொன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேலைக்குப் போகாம இருக்க நடிக்காதீங்கன்னேன். நடிக்காதீங்கன்னு சொல்லிட்டேன்." அந்தப் பிடியை விடுவிக்க அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. "நல்லாத்தான் இருந்தார்க்கா. புள்ளிகூட உருண்டையா வச்சிருந்தாரு" என்றாள். பிடி தளர்ந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் அவள் செய்த ஒரே காரியம் அதுதான்.

அதன்பிறகு அவள் செய்ததை யாரிடமும் சொல்ல முடியாது. வீட்டில் சொந்த அக்கா கேட்டாள். "என்னடி, சோத்தப் பிசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்க?" "கூட வேல செஞ்சவர் போயிட்டார்க்கா." "அதுக்கு?" கூடப் பிறந்தவர் இல்லை, கட்டிக்கொண்டவர் இல்லை, ஒருநாளும் ஒன்றாக உட்கார்ந்து தேநீர்கூடக் குடித்ததில்லை. எந்த உரிமையில் அழுவது? அதனால் அவள் அழவில்லை. வேலைக்கு வந்து, கதவைச் சாத்தி, கருவியை ஓட்டி, அந்தப் புள்ளிக்குப் போய்ப் பார்த்தாள். தினமும் பார்த்தாள். தன் புள்ளிகளை அதன்பிறகு வேறொரு சில்லில்தான் வைத்தாள். ஒவ்வொரு நாளும், இன்றைக்காவது வட்டமாகத் தெரியாதா, அன்று தான் பார்த்தது தப்பாக இருக்காதா என்று பார்த்தாள்.

பார்த்தால் தேயும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுப்பவள் அவள். சில்லை வெளியே எடுத்து, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் கருவியில் அடிபடாமல் பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன காரணம் எழுதுவாள்? முதல் நாளே படம் பிடித்து வைத்திருக்கலாம். அந்தப் பொத்தான் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் நீண்டு கிடந்த அந்தப் புள்ளி படமாக எங்கேயாவது இருப்பதை அவள் விரும்பவில்லை. பார்த்துப் பார்த்து அதன் விளிம்பு மழுங்கியது. குழியின் ஆழம் குறைந்தது. நிழல் வெளுத்தது. போன வாரம் திரையில் அதைத் தேட வேண்டியிருந்தது. அன்றோடு நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியபோது, அது மறைந்துகொண்டிருப்பதில் தனக்குள் எங்கோ ஒரு சின்ன நிம்மதி இருப்பதையும் கண்டுகொண்டாள். அந்த நிம்மதிதான் அவளை ராத்திரிகளில் எழுப்பி உட்கார வைத்தது.

"காட்டறேன்க்கா" என்றாள் இப்போது. "ஆனா தூரத்துலேர்ந்துதான். கிட்டப் போனா அடியெல்லாம் ஒரே இடத்துல விழும். தாங்காது."

"சரி. நீங்க சொல்றபடி."

கற்றையைத் திறந்தாள். திரையின் மேல் விளிம்பிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கியது. கோடு இறங்க இறங்கச் சாம்பல்நிறம் நிரம்பியது. சாம்பலில் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். தையல்காரி நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். முழுப்படமும் வந்ததும் கருவியை ஓட்டுபவள் கற்றையை மூடிவிட்டாள். படம் மட்டும் திரையில் நின்றது.

"அம்மாடி" என்றாள் தையல்காரி. "நூலோட்டி வச்ச மாதிரி இருக்கு."

கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, கடையில் துணியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பவளைப் போலப் பார்த்தாள்.

"இது ஒரு கை இல்லையே. ஒண்ணு விட்டு ஒண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கே. சின்னது யாரு?"

"நான்தான்."

"இது பூராவுமா? தினமுமா?"

"ஆமாக்கா. காலையில அவர். மத்தியானம் நான்."

தையல்காரி மேலிருந்து கீழ்வரை வரிசைகளைப் பார்த்தாள். பெரியது, சின்னது. பெரியது, சின்னது. எட்டு வருடம், ஒரு நாள்கூட விலகாமல், ஒன்றன் பக்கத்தில் ஒன்று. கருவியை ஓட்டுபவளுக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. அக்கா, அதெல்லாம் ஒண்ணுமில்ல என்று. ஆனால் ஒன்றுமில்லாததை எப்படிச் சொல்வது? சொன்னால் ஏதோ இருந்ததாக ஆகிவிடும். ஒன்றுமில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடுமோ என்று இருந்தது.

"எங்க வீட்டுல நானும் அவரும் இவ்வளவு ஒழுங்கா உக்காந்ததில்ல" என்றாள் தையல்காரி. அதைக் கோபமாகவும் சொல்லவில்லை, விளையாட்டாகவும் சொல்லவில்லை. பிறகு கையை நீட்டி, திரையின் அடியில் ஓர் இடத்தைக் காட்டினாள். "இங்க என்ன, ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு சதுரம்?"

கடைசி வரிசையின் முடிவில், மற்ற இடத்தைவிட ஒரு நிறம் மட்டாக, சின்னச் சதுரம் ஒன்று பதிந்திருந்தது. சன்னல் மாதிரி. அதற்குள் மங்கலாக ஏதோ இரண்டு.

"அங்கதான் அவரோட கடைசிப் புள்ளி இருக்கு. அதோட என்னோடதும்." அவள் விரலால் அந்த இடத்தைச் சுற்றிக் காட்டினாள். "அந்தச் சதுரம் நான் பாத்தது. அதுக்கப்புறம் தினமும் வந்து பாத்துட்டிருந்தேன்க்கா. பாத்துப் பாத்துத்தான் அப்படி ஆயிடுச்சு. நான்தான் தேச்சுட்டேன்."

தையல்காரி திரும்பி அவளைப் பார்த்தாள். தலையுறைக்கும் முகமூடிக்கும் நடுவில் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. நெடுநேரம் அந்தக் கண்கள் நகரவில்லை. தன் தலையில் இடி விழப்போகிறது என்று கருவியை ஓட்டுபவள் காத்திருந்தாள். விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அவருக்கு ஒரு சட்ட தச்சிட்டிருந்தேன்" என்றாள் தையல்காரி கடைசியில். "அவர் போறதுக்கு முந்தின நாள்தான் தோள்ல வச்சு சாக்கட்டியால கோடு போட்டேன். 'குத்தாதடி, குத்தாதடி'ன்னுட்டே நின்னாரு. ஊசியே எடுக்கல நான், அதுக்குள்ள குத்துதாம். அந்தத் துணிய எடுத்து எடுத்துப் பாத்து, தடவிப் பாத்து, இப்ப கோடே இல்ல. எங்க வெட்டணும்னு எனக்கே தெரியல."

பையிலிருந்து குடையின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் பார்வை மேசைக்குப் போயிற்று. கற்றையைத் திருத்தும் குமிழில், பிடி வழுக்காமல் இருக்க, நீலநிற நாடா சுற்றியிருந்தது. பெரியப்பா சுற்றியது. பல வருடமாகிவிட்டது, ஓரம் பிசிறியிருந்தது.

"இது என் நாடா" என்றாள். "பாவாடைக்கு வைக்கறதுக்கு வாங்கினது. காணோம் காணோம்னு வீடு முழுக்கத் தேடினேன். கேட்டா, எனக்கென்ன தெரியும்னாரு திருடன்." உறை மாட்டிய விரலால் அதை ஒருமுறை தடவினாள். அப்போதுதான் அவள் கண்ணில் நீர் வந்தது. துடைக்க முடியாதபடி கையில் உறை, முகத்தில் முகமூடி. நீர் அதற்குள்ளேயே இறங்கியது.

பம்பு ஒருமுறை இருமிவிட்டு மறுபடி ஓடியது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் வந்து நின்று, உள்ளே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"கிட்டப் போனா தாங்காதுன்னீங்களே" என்றாள் தையல்காரி. "எவ்வளவு தாங்கும்?"

"ஒரு தடவ. அதுக்கப்புறம் ஒண்ணும் இருக்காது."

"அந்த ஒரு தடவயில தெரியுமா? உருண்டையா நீட்டமான்னு?"

தெரியும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். இவ்வளவு தேய்ந்தும் அந்தக் குழியின் அடியில், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நெல்மணி இன்னும் கிடக்கிறது. ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கி முடிகிற நேரத்துக்கு அது திரையில் நிற்கும். பிறகு என்றென்றைக்கும் வழவழப்பான சிலிக்கன்.

"தெரியும்க்கா."

"போட்டோ பிடிக்க முடியுமா?"

"முடியும்."

தையல்காரி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முழங்காலும் முழங்காலும் இடித்தன. எட்டு வருடம் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்த அந்த மேசைக்கு முன்னால் முதல்முறையாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கருவியை ஓட்டுபவளின் விரல் நீல நாடாவின் மேல் இருந்தது. பெரியப்பாவின் பெருவிரல் அழுத்தி அழுத்தி அதில் ஒரு குழி விழுந்திருந்தது. அவள் விரலுக்கு அது கொஞ்சம் பெரிது.

"நீங்க சொன்னத நம்பாம கேக்கல" என்றாள் தையல்காரி. "உருண்டையா இருந்துச்சுன்னு நீங்க சொன்னதப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தன நாள் எந்திரிச்சு உக்காந்திருக்கேன். என் கண்ணால ஒரே ஒரு தடவ பாத்துட்டா போதும். அதுக்கப்புறம் அழிஞ்சா அழிஞ்சுட்டுப் போகட்டும், போட்டோவ பீரோவுல வச்சுக்கறேன். கிட்டக் கொண்டுபோங்களேன், மத்தியானம்."